பொம்மைப் படத்தில் நாற்பது வினாடி

பழைய மகளிர் காவலர்களின் அனுபவங்களைத் தொகுத்து ஒரு சிறு மலர் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டு, சென்ற மாதம் ஓர் இளம் உதவி ஆய்வாளர் நாமக்கல்லில் என் வீட்டுக்கு வந்தார். "ஏதாவது ஒரு கொலை வழக்கு எழுதிக் குடுங்கம்மா, அதுதான் எல்லாரும் படிப்பாங்க" என்றார். காப்பி குடிக்கும்போது பேச்சு அவர் மகன் பக்கம் போனது. பையன் எந்நேரமும் ஜப்பான் பொம்மைப் படம் பார்க்கிறானாம். அனிமே என்று அதற்குப் பெயர்.

"நல்ல கதைதாம்மா. ஆனா நடுவுல சம்பந்தமே இல்லாம ஒரு பொண்ணு குளிக்கிறதக் காட்டுவான், இல்லாட்டித் துணி கிழியும். கேட்டா, ஃபேன் சர்வீஸ்ங்கிறான். ரசிகருக்குன்னு தனியா பரிமாறுறதாம்."

அவர் சிரித்தார். நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். அந்தச் சொல்லை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். ஆனால் அந்தப் பொருளை ஒரு காவல் நிலைய அறையில், ஆண்கள் நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்து, திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். கொலையான உடல்களுக்குக் காவல் நின்றபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. அதனால் கொலை வழக்கை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் மோகனூர்க்காரி. அப்பா ஆலைக்குக் கரும்பு வண்டி ஓட்டியவர். எழுபதுகளின் நடுவில் பெண்களைக் காவல் துறைக்கு எடுக்கிறார்கள் என்று தெரிந்து விண்ணப்பம் போட்டேன். ஓட்டம், கவாத்து, தோள் கன்றிப்போகும்படி துப்பாக்கிப் பயிற்சி, சட்டப் புத்தகம் என்று பயிற்சிக்காலம் போனது. சேலத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது மாவட்டத்தில் எங்களை விரல்விட்டு எண்ணலாம். பெண் கைதியைச் சோதனை போட, துணைக்குப் போக, திருவிழாவில் பெண்கள் பக்கம் நிற்க என்று எங்கிருந்து அழைப்பு வந்தாலும் பஸ் ஏறிப் போவோம்.

திருவிழா பந்தோபஸ்துக்கு ஒரு விதி உண்டு. மேடையைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைப் பார்க்க வேண்டும். குமாரபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கோயில் நோன்பியில் ரிக்கார்டு டான்ஸ் வைத்திருந்தார்கள். ஒலித்தட்டில் சினிமாப் பாட்டு ஓட, அதற்குப் பெண்கள் ஆடுவார்கள். நான் மேடைக்கு முதுகைக் காட்டி நின்றேன். அதனால் ஆட்டத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கிறவர்களின் முகங்களைத்தான் பார்த்தேன். பாட்டின் பெரும்பகுதிக்கு அவை சாதாரண முகங்கள். வெற்றிலை மெல்லும், கொட்டாவி விடும், குழந்தையைத் தோள் மாற்றும். ஓர் இடத்தில் எல்லாம் ஒரே முகமாகிவிடும். வாய் லேசாகத் திறந்து, கண் இமைக்காமல், பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்பதே மறந்துபோன முகம். சிறிது நேரத்தில் அது கலைந்து மறுபடி வெற்றிலை மெல்லும்.

ஆடியவள் பெயர் வசந்தா. திரைக்குப் பின்னால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "பாட்டு மூணு நிமிசமுங்க. ரெண்டரை நிமிசம் நா ஆடுறது. அர நிமிசம் அவிங்களுக்கு. அந்த அர நிமிசத்துக்குத்தானுங்க எங்களக் கூப்புடறாங்க."

அடுத்த ஆண்டு அதே நோன்பிக்கு, ஆபாசம் இருக்கக் கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அதை வசந்தாவிடம் சொல்லும் வேலை எனக்கு. "சொல்லிப்போட்டீங்க, செய்யறேன். நீங்க மட்டும் பக்கத்துலயே நில்லுங்க" என்றாள். பாட்டு முடிந்தது, அரை நிமிடம் வரவில்லை. முதலில் ஒரு விசில். பிறகு "எங்கடி அது?" என்று ஒரு குரல். அதன்பின் மேடையின் மூங்கில்கள் முறிகிற சத்தம். அவளை இழுத்துக்கொண்டு தேர்க் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினேன். வெளியே இருந்தவர்கள் கதவை உதைத்தார்கள். அதற்குள் ஒரு கல் அவள் புருவத்தைக் கிழித்திருந்தது. உத்தரவைச் சொன்னது நான், கல்லை வாங்கியது அவள். விரும்பியதைக் கொடுத்தால் சும்மா இருக்கிற கூட்டம், கொடுக்காவிட்டால் கொல்லவும் துணியும் என்பதைச் அந்தக் கதவுக்கு முதுகு கொடுத்து நின்றபடி தெரிந்துகொண்டேன்.

பொம்மைப் பட வழக்கு இதற்குப் பல ஆண்டுகள் கழித்து வந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி. வீடியோ டெக்கும் கலர் டி.வி.யும் வாடகைக்கு ஓடிய காலம். காதுகுத்து, சீர், கோயில் விசேஷம் எதுவானாலும் டெக்கு வந்தால்தான் மதிப்பு. கூடவே, பூட்டிய அறைகளில் நீலப்படம் காட்டுகிறார்கள் என்று புகாரும் கிளம்பியிருந்தது. எங்கே பிடித்தாலும் பத்திரிகையில் வந்தது.

சேலத்துக்கு மேற்கே ஒரு நிலையத்திலிருந்து பெண் போலீஸ் வேண்டும் என்று அழைப்பு. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது காலை ஒன்பது மணி. நிலைய வாசலில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். போர் போடுகிற ரிக் லாரிப் பட்டறையிலிருந்து நேராக வந்தவர்கள் போல, சிலர் கையில் ஸ்பேனரும் இரும்புக் குழாயும் இருந்தன. "அம்மிணி, அவன வெளிய உடச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஒருவர் என்னிடம், மிக மரியாதையாக.

உள்ளே ரைட்டர் மேசைக்குக் கீழே, சுவரோரம் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். சட்டை தோளில் கிழிந்து, உதடு வீங்கியிருந்தது. சேலம் டவுனில் வீடியோக் கடை வைத்திருக்கும் ஜமால் பாய். முந்தின நாள் மதியம் இந்த ஊர்த் தனியார் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குப் படம் காட்ட வந்திருக்கிறார். பள்ளி கேட்டது பொம்மைப் படம். இவர் கொண்டுவந்ததும் பொம்மைப் படம்தான், சிங்கப்பூரிலிருந்து யாரோ கொண்டுவந்த ஜப்பான் கேசட். பாதிப் படத்தில் ஒரு டீச்சர் அலறி எழுந்து டி.வி.யை அணைத்திருக்கிறார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க ஒரே பேச்சு: சேலத்து பாய் ஒருத்தன் பள்ளிக்கூடத்தில் பச்சைப் பிள்ளைகளுக்கு நீலப்படம் போட்டுக் காட்டிவிட்டான்.

ஆய்வாளர் துரைசாமி தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அவருடைய பழக்கம் வேறு. நாம் ஏதாவது சொன்னால் தலையைச் சாய்த்து, "எனக்கு இடது காது மந்தம்மா, இன்னொரு தரம் சொல்லு" என்பார். மறுபடி சொல்லும்போது நம் வார்த்தை நமக்கே பொய் போலக் கேட்கும். குற்றவாளிகள் மூன்றாம் தடவையில் மாற்றிச் சொல்லிவிடுவார்கள். காவலர்களும்தான். அவர் காதில் ஒரு குறையும் கிடையாது. பக்கத்து அறையில் போன் மணி முனகினால்கூட அவருக்குத்தான் முதலில் கேட்கும்.

"பெண் குழந்தைங்க ஒரு பத்துப் பேர்கிட்ட வாக்குமூலம் வாங்கணும்" என்றார். "என்ன பார்த்தாங்க, எந்த அங்கம், எவ்வளவு நேரம். அக்கா மாதிரி பக்குவமா கேட்டு எழுதிட்டு வா. ஆபாசப் பிரிவு இருநூத்தித் தொண்ணூத்தி ரெண்டு, தொண்ணூத்தி மூணு ரெண்டையும் போட்டு உள்ள தள்ளிடலாம்."

ஏழு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து எந்த அங்கம் என்று கேட்பதா? அது பார்க்காததையும் நான் கேட்டே காட்டிவிடுவேனே.

"ஐயா, படத்த முதல்ல நாம பாக்கலைங்களே" என்றேன்.

தலை சாய்ந்தது. "இடது காது மந்தம்மா."

இரண்டாம் தரம் சொன்னேன். குரல் பாதியாகிவிட்டது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சரி, பார்ப்போம்" என்றார்.

முறைப்படி நடந்தது. ரைட்டர் கைப்பற்றிய பொருள்களுக்கு மகஜர் எழுதினார்: கறுப்பு நிற டெக்கு ஒன்று, வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்று, நீல மையில் 'ஜப்பான் பொம்மைப் படம்' என்று எழுதிய கேசட் ஒன்று. சாட்சிக்கு வி.ஏ.ஓ.வைக் கூப்பிட்டார்கள். புகார் கொடுத்த பழனிசாமி தானும் பார்க்க வேண்டும் என்றார். ஊரில் பெரிய தோட்டத்துக்காரர், அவர் மகள் அந்தப் பள்ளியில் படித்தாள். ஜன்னல்களைச் சாத்தினோம். வெளியே விளிம்பில் தொற்றி ஏறுகிற கால்களின் சத்தம் கேட்டது. டெக்கை ஓட்ட எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஜமால் பாயைத்தான் எழுப்பினார்கள். தன்னைச் சிறைக்கு அனுப்பப்போகிற படத்தை அவரே போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று. கேசட் இரண்டு முறை டெக்கின் வாயில் இடித்து மூன்றாம் முறைதான் உள்ளே போனது.

பேச்சு ஒரு வார்த்தை புரியவில்லை. கதை புரிந்தது. வறண்டுபோன ஓர் உலகம். அங்கிருந்து ஒரு விண்கப்பல் தண்ணீர் தேடிப் புறப்படுகிறது. அதற்குத் தலைவி ஒரு பெண், முப்பது வயது மதிக்கலாம், கன்னத்தில் தழும்பு. எதிரிகளின் இரும்பு மனிதர்களோடு சண்டை போடுகிறாள், தோற்கிறாள், மறுபடி எழுகிறாள். அரை மணி நேரத்தில் அறையிலிருந்தவர்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார்கள். "பாவமுங்க, நம்மூராட்டவே ஆயிரம் அடி போர் போட்டும் பொகதான் வருது" என்றார் வி.ஏ.ஓ. பழனிசாமி கூட ம் கொட்டினார்.

பாதிப் படம் போனபோது ஒரு பாறையைப் பிளந்து தண்ணீர் பீறிட்டது. கப்பல்காரர்கள் எல்லாரும் ஆடினார்கள். அங்கேதான் அது வந்தது. அந்தத் தலைவி தனியாகக் குளிக்கிறாள். ஆவியும் நுரையும் பாதி மறைக்கின்றன. ஆனால் படம் அவள் பாதத்தில் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏறுகிறது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கதை, வண்டியை ஓரங்கட்டியது போல நின்றுவிட்டது. பாறைக்குப் பின்னாலிருந்து கப்பல் சமையல்காரன் ஒருவன், மீசை வைத்த தடியன், எட்டிப் பார்க்கிறான். அவன் மூக்கிலிருந்து ரத்தம் பீய்ச்சி அடிக்கிறது. அவள் வாளியை வீசுகிறாள். அவ்வளவுதான். மறுபடி சண்டை.

"அவன் மூக்குல ஏனுங்க ரத்தம்? அவ அடிக்கவே இல்லீங்களே" என்று வி.ஏ.ஓ. கேட்டார். ஆசை தலைக்கேறியதை ஜப்பானில் அப்படித்தான் வரைவார்களாம், அது எங்களுக்கு அன்று தெரியாது.

துரைசாமி கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பின்னால ஓட்டு."

இரண்டாம் தடவை. நாற்பது வினாடி என்று ரைட்டர் குறித்தார். "இன்னொரு தரம்."

மூன்றாம் தடவை நான் டி.வி.யைப் பார்க்கவில்லை. பழக்கதோஷம், கூட்டத்தைப் பார்த்தேன். ரைட்டர் பேனாவை விட்டுவிட்டிருந்தார். வி.ஏ.ஓ.வின் வாய் லேசாகத் திறந்திருந்தது. காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்த பழனிசாமி நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். கண் இமைக்கவில்லை. முதல் வருஷம் நோன்பியில் மேடை முன்னால் பார்த்த முகம். அது வெறும் கோடும் வண்ணமும். அப்படி ஒரு பெண் உலகத்தில் எங்கும் இல்லை. இருந்தும் முகம் அதேதான். ஏழு கடலுக்கு அப்பால் எவனோ ஒருவன் பேனாவை எடுத்தபோதே இந்த முகங்களை நினைத்துத்தான் வரைந்திருக்கிறான் என்று தோன்றியது. அந்த நொடியில் பழனிசாமி சட்டென்று திரும்பினார். நான் அவரைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். அவர் முகம் இருண்டது. இந்த மனிதர் இனி என்னை மன்னிக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. கதவு என் நாற்காலிக்கு எதிர்ப்பக்கம், அவர்களைத் தாண்டி இருந்தது.

படம் நின்றது. துரைசாமி என் பக்கம் திரும்பினார்.

"இங்க இருக்கிற ஒரே பொம்பளை நீ. நீ சொல்லும்மா. இது ஆபாசமா, இல்லையா?"

ஆமாம் என்றால் சுவரோரம் நிற்கிற மனிதன் ஒழிந்தான். இல்லை என்றால், இதைக்கூடக் கூச்சமில்லாமல் பார்த்த பொம்பளை என்று மாவட்டம் முழுக்கப் பேசும். எது சொன்னாலும் இந்த ஆண்களோடுதான் ஓய்வு பெறும்வரை வேலை பார்த்தாக வேண்டும்.

"கதைக்கு அது வேண்டியதில்லைங்க ஐயா" என்றேன். "பாக்கறவங்களுக்குன்னு வெச்சது. தப்பான எண்ணத்துலதான் வெச்சிருக்காங்க. ஆனா வெச்சது இவரில்லைங்க."

"எனக்கு இடது காது..."

"வெச்சது இவரில்லைங்க ஐயா. குழந்தைங்ககிட்டப் போயி இதையே நாம கேட்டோம்னா, அவங்களுக்கு ரெண்டாந்தரம் காட்டுனது நாமதான்னு ஆயிருமுங்க."

பழனிசாமி எழுந்துவிட்டார். "அப்ப எம் பொண்ணு பாத்தது ஒண்ணுமில்லைங்கறீங்களா? நேத்துப் புடிச்சுக் காச்சலுங்க அவளுக்கு!"

"பாப்பாவ மட்டும் கூட்டியாங்க. உங்க முன்னாலயே பேசறேன். அந்த எடத்தப் பத்தி ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றேன். எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அரை மணியில் அவர் மனைவி பின்கட்டு வழியாக மகளைக் கூட்டி வந்தார். எட்டு வயது. பெயர் செல்வி. உடம்பு அனலாக இருந்தது. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தரையில் அவளோடு உட்கார்ந்தேன்.

"படத்துல உனக்கு எது புடிச்சுது சாமி?"

"தண்ணி வந்துச்சுங்க. எங்க தோட்டத்துல போர் போட்டப்ப வந்தாப்பல, மேல மேல பீச்சிக்கிட்டு."

"அப்பறம்?"

"அந்த மீசைக்காரருக்கு மூக்குல ரத்தமுங்க. ஆருமே மருந்து போடுல." பிறகு உதடு பிதுங்கியது. "அப்பறம் டீச்சர் கத்துனாங்க. அப்பத்தான் நாங்க தப்புப் பண்ணிட்டோம்னு தெரிஞ்சுது. ஊட்டுல எல்லாரும் என்ன பாத்தே, என்ன பாத்தேன்னு கேட்டு அப்பன் அடிச்சுதுங்க. இப்ப என்னையும் உள்ள போட்டுருவீங்களா?"

பழனிசாமி சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

துரைசாமி ரைட்டரிடம், "பெண் காவலர் சொன்னதை அப்படியே எழுதி அவகிட்டக் கையெழுத்து வாங்கு" என்றார். பெரிய பிரிவுகள் கைவிடப்பட்டன. பழனிசாமியே வெளியே போய்க் கூட்டத்திடம் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அவர் படியில் நின்று, "நானே பாத்துட்டனுங்க. பொம்மப் படந்தான். ஊட்டுக்குப் போங்க" என்றார்.

முன்வரிசையில் சிலர் திரும்பி நடந்தார்கள். எல்லாம் முடிந்தது என்று மூச்சு விட்டேன். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "நீங்க மட்டும் பாத்தாப் போதுமா? எங்களுக்கும் போட்டுக் காட்டச் சொல்லுங்க!" சிரிப்பு எழுந்தது. "பாக்காம போக மாட்டோம்!" என்று இன்னொருவர். பிறகு எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். காலையில் அடிப்பதற்கு நின்ற அதே ஆட்கள்தான். கதவு அதிர்ந்தது. ஜன்னல் கண்ணாடி ஒன்று உள்ளே விழுந்தது. சிறுமியை இழுத்து மேசைக்கடியில் தள்ளினேன். துரைசாமி கேசட்டை உருவி, இரும்புப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். கூட்டத்தைத் தடுக்க மற்ற காவலர்களை முன்வாசலில் நிறுத்தினார்.

ஜமால் பாயைப் பின்பக்கமாக ஜீப்பில் ஏற்றினோம். இருக்கையில் உட்கார வேண்டாம் என்று தரையில் படுக்கச் சொன்னேன். சங்ககிரி தாண்டும்வரை என் காலடியில் சுருண்டு கிடந்தார்.

"நா முழுசாப் பாக்கலீங்கம்மா" என்றார் ஒருதரம். "மொதப் பத்து நிமிஷம் ஓட்டிப் பாத்தேன். இரும்பு மனுஷன் பறந்தான். எம் புள்ளைங்ககூடக் கை தட்டுச்சு. குழந்தைப் படம்னு நெனச்சுட்டேன். பொம்மையில போயி இதையெல்லாம் எதுக்கும்மா வெக்கிறாங்க?"

வசந்தா சொன்ன பதில் எனக்குத் தெரியும். அதை அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை.

அனுமதி இல்லாமல் படம் காட்டியதாக ஒரு சிறு வழக்கு மட்டும் அவர்மேல் நின்றது. டெக்கும் டி.வி.யும் சொத்து அறையில் கிடந்து பூசணம் பூத்தன. அவர் கடையைத் திறக்கவே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எனக்கு வினை வேறு விதமாக வந்தது. "படத்தப் பாத்துக் கரெக்டா சொல்ற பொம்பள" என்று பெயர் பரவிவிட்டது. எங்கே வீடியோ பிடித்தாலும் கூப்பிட்டு அனுப்பினார்கள். பூட்டிய அறை, சாத்திய ஜன்னல், ஐந்தாறு ஆண்கள், ஓரத்து நாற்காலியில் நான். அந்தக் கேசட்டுகளில் இருந்தவை பொம்மைகள் அல்ல, உயிருள்ள பெண்கள். சிலர் அழுதுகொண்டிருந்தார்கள். "ஆபாசமா இல்லையா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார்கள். ஆமாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி ஓட்டச் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒருநாளும் தைரியம் வரவில்லை. அந்த ஆண்டுகளில் கதவுக்குப் பக்கத்து நாற்காலி கிடைக்காவிட்டால் எனக்கு மூச்சு முட்டும். இப்போதும் கல்யாண மண்டபத்தில்கூட வாசலோரம்தான் உட்காருகிறேன்.

எண்பதுகள் முடியும் சமயம், ரம்ஜானுக்கு இரண்டு நாள் முன்னால், சேலம் கடைவீதியில் போக்குவரத்து பந்தோபஸ்துக்கு நின்றிருந்தேன். நடைபாதையில் துண்டு, லுங்கி விரித்து ஒருவர் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. ஜமால் பாய். பக்கத்தில் பத்து வயது மகள் பொட்டலம் கட்டிக்கொடுத்தாள். நலமா என்று ஒரு வார்த்தை கேட்கலாம் என்று இரண்டடி எடுத்து வைத்தேன்.

அவர் நிமிர்ந்தார். என் முகத்தை அவர் பார்க்கவில்லை, காக்கியைத்தான் பார்த்தார். விரித்த லுங்கிகளை நாலு மூலையும் சேர்த்து அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு, மகளின் கையைப் பிடித்து இழுத்தபடி கூட்டத்துக்குள் வேகமாக நடந்தார். "ஏன் வாப்பா?" என்று அந்தப் பெண் கேட்பது எனக்குக் கேட்டது. இரண்டு துண்டுகள் நடைபாதையிலேயே கிடந்தன. அவற்றை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, அவர் போன திசையைப் பார்த்தபடி நின்றேன். கூப்பிட்டிருந்தால் ஓடியிருப்பார்.